பல் வைத்தியரின் கரவனும் காற்றுத் துவாரமும்

சொந்த வீடு உள்ளவர்கள் பனிக்குள் போய்ப் படுத்துச் சுகம் காண்பதற்கு ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் அப்போது என் தொழில்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸின் ஃப்ரிபூர்க் நகரில் அகதி மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கரவன், அதாவது காருக்குப் பின்னால் இழுபடும் சக்கர வீடு, அதைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்யும் பட்டறையில் எனக்கும் மட்டக்களப்புத் தவத்துக்கும் வேலை. வாடிக்கையாளர்களில் கஞ்சர்களும் உண்டு. அப்படியானவர்களிடம் சிக்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமென்பதால் மிச்சத்தை விளக்கத் தேவையில்லை.

காலுறை

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பல் வைத்தியர். மாடி வீடு, பெரிய கார், எல்லாம் உண்டு. கரவனுக்குச் செலவழிக்க மட்டும் கை வராது. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க நுரை உறை வாங்கச் சொன்னேன். மறுநாள் ஒரு பை நிறையப் பழைய கம்பளிக் காலுறைகள் வந்தன, சில தோய்க்காதவை. நானும் தவமும் கரவனுக்கு அடியில் மல்லாந்து கிடந்து அவற்றைக் குழாயில் சுற்றிக் கட்டினோம். தவம் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "பல்லுப் புடுங்கிற ஆளெண்டு சொன்னாங்க அண்ணன், இந்தாள் உயிரையெல்லா புடுங்குது!"

கோடைக் காஸ்

கோடையில் விற்கும் மலிவான அடுப்புக் காஸ் கடுங்குளிரில் எரியாது. தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லியும் மனிதர் கேட்கவில்லை. கோடையில் மிஞ்சிய சிலிண்டரோடுதான் போனார். மலையில் முதல் நாளே அடுப்பு அணைந்தது. திரும்பி வந்து, என் முதலாளியிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "உங்கட ஆள் வெயில் நாட்டுக்காரன். குளிரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?"

துவாரம்

இன்னொரு முறைப்பாடு வந்தால் வேலை இல்லை என்று முதலாளி எச்சரித்தார். அகதி முகாமில் சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பதைவிடக் காலுறை கட்டுவது மேல். மறுபடி கரவனுக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

அடுத்த பயணத்துக்குப் பல் வைத்தியர் குளிர்காலக் காஸே வாங்கினார். அந்தச் செலவை ஈடுகட்ட, சூடு வெளியே போகாதபடி காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைத்துவிட்டார். காஸ் அடுப்பை எரியவிட்டு இப்படி அடைத்தால் நச்சு வாயு சேர்ந்து நித்திரையிலேயே கதை முடியும். துணியை உருவி எறிந்தேன். மத்தியானம் மறுபடி அடைத்திருந்தது. சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் புருசன் பெண்சாதி இரண்டு பேரும் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலுக்குக் கீழே, அவர் கண்ணில் படாத இடத்தில், புதிதாக ஒரு துவாரம் வெட்டிக் கம்பி வலை அடித்தேன்.

திங்கட்கிழமை இருவரும் உயிரோடு வந்தார்கள். கட்டிலுக்குக் கீழிருந்து அடித்த குளிரில் மனைவிக்கு மூக்கு ஒழுகியது. பல் வைத்தியர் கட்டிலைத் தூக்கி முதலாளிக்கு ஓட்டையைக் காட்டினார். நான்தான் வெட்டினேன் என்றேன். முதலாளி குனிந்து ஓட்டையைப் பார்த்தார், அடைத்திருந்த துணியையும் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது. "இது இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும் செத்திருப்பீங்கள்" என்றார்.

பல் வைத்தியர் ஓட்டையை விரலால் அளந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப, இந்த ஓட்டைக்கும் காசு எடுப்பீங்களோ?"

என் வேலையும் தப்பியது, அவர்கள் உயிரும் தப்பியது, அடுத்த பனிக்கும் அதே காலுறைப் பைதான் வந்தது.