நான் சென்னையில் இருக்கிறேனாம்

செஞ்சியை விட்டு ஒரு அடி நகராமல் நான் ஒரு வருஷம் சென்னையில் வேலை பார்த்தேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் நைனா கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். விவசாயிகள் நெல் கொண்டுவந்து விற்கும் கூடத்தை எங்கள் ஊரில் கமிட்டி என்றுதான் சொல்வோம். அம்மா மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், களை எடுக்கப் போவாள். என்னை ஒரு நாள்கூடக் களைக்கொத்தைத் தொட விட்டதில்லை. "நீ படி, அது போதும்" என்பார்கள். படித்தேன். இன்ஜினியரிங் முடித்தேன். ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எல்லா இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை.

கமிட்டியில் டீ குடிக்கும்போது யாரோ கேட்டிருக்கிறார்கள், பொண்ணு என்ன பண்ணுகிறது என்று. நைனா சட்டென்று, "மெட்ராஸ்ல கம்பெனில இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து பிடித்தது சனி. திங்கள் முதல் வெள்ளி வரை நான் வாசலில் தலை காட்டக் கூடாது. பைக் சத்தம் கேட்டால் அம்மா என்னை உள்ளே தள்ளுவாள். சனி, ஞாயிறு மட்டும் கடைத்தெருவுக்குப் போகலாம், லீவுக்கு வந்தவள் மாதிரி. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போவதென்றால்கூட அது என்ன கிழமை என்று பார்க்க வேண்டும். அங்காளம்மனுக்குமா நான் மெட்ராஸில் இருக்கிறேன்?

அப்போதுதான் திண்டிவனம் ரோட்டில் ஒரு ரைஸ் மில்லில் கம்ப்யூட்டரில் கணக்குப் போட ஆள் வேண்டும் என்று என்னோடு படித்தவள் சொன்னாள். போய்க் கேட்டால் உடனே சேரச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனாவிடம் சொன்னேன்.

"அங்க நம்ம கமிட்டி ஆளுங்க தெனம் லோடு எறக்க வருவாங்க. என் மூஞ்ச எங்க வெச்சிக்கறது?"

"அதுக்காக நான் இப்பிடியே பதுங்கினு இருக்கணுமா நைனா?"

"மில்லுல உக்காரவா உன்ன படிக்க வெச்சேன்? நல்லதா வரும், பொறு."

எவ்வளவுதான் பொறுப்பது? மறுநாள் செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் தலை வாரிக்கொண்டு நேரே கமிட்டிக்குப் போனேன். எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்ற வெறி. நைனாவோடு மூட்டை தூக்கும் மாமாதான் முதலில் பார்த்தார். சொந்தமில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம்.

"இன்னாம்மா, லீவா?"

"லீவும் இல்ல, வேலையும் இல்ல மாமா. ஒரு வருஷமா வீட்லதான் இருக்கேன்."

மாமா சிரித்தார். "உங்க நைனா அப்பவே சொன்னான். வேலயப் பத்திக் கேட்டா பொண்ணு இல்லன்னுதான் சொல்லும், கண்ணு படும்னு பயப்படுதுன்னு." பிறகு கிட்டே வந்தார். "உன்னப் பாத்துதாம்மா எம் பொண்ணயும் அதே காலேஜ்ல சேத்துட்டேன். முடிச்சதும் உன் கம்பெனில நீதான் சொல்லி ஒரு எடம் வாங்கித் தரணும்."

மூட்டையோடு நின்றிருந்த நைனா அதைக் கேட்டார். மூட்டையைக் கீழே போட்டார்.

"டேய், அது நெசமாவே வீட்லதான்டா இருக்குது. நான்தான் பொய் சொன்னேன்."

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. "ஓகோ, எம் பொண்ணுக்கு எடம் கேட்டதும் இல்லன்றியா? உம் பொண்ணு மட்டும்தான் நல்லா இருக்கணுமா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நைனா பின்னாலேயே ஓடினார். மாமா திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளே மில்லில் சேர்ந்தேன். நைனா தடுக்கவில்லை. அந்த வாரமே லோடோடு வந்த மாமா, கம்ப்யூட்டர் முன்னால் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"அப்ப எம் பொண்ண நிறுத்திடட்டுமா? நீ படிச்ச புள்ள, நீயே சொல்லும்மா."

ஒரு வருஷமாக உண்மையைச் சொல்லத் துடித்தவள் நான். வாயைத் திறந்தால், "நிறுத்தாதீங்க மாமா, படிக்கட்டும். நல்ல வேல கெடைக்கும்" என்றுதான் வந்தது. உடனே அவர் முகம் தெளிந்தது. நைனா கமிட்டியில் டீ குடிக்கும்போது சொன்ன பொய்க்கும் நான் இப்போது சொன்னதற்கும் என்ன வித்தியாசம்?