கதவிடுக்கில் ஒரு செருப்பு

குப்பை கொட்டப் போகும்போது அவளுக்கு ஒரு காலில்தான் செருப்பு இருக்கும். மற்றது கதவிடுக்கில் கிடக்கும். மாடிப்படி ஓரத்துத் தொட்டிவரை ஓட்டமும் நடையுமாகப் போய், அதே வேகத்தில் திரும்புவாள். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் வாய்தான் பதில் சொல்லும். கண் கதவிலேயே இருக்கும். அந்தக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே மூன்று வயது மகள்; பூட்டின் பிடி அவளுக்கு எட்டாது.

வீட்டிலிருந்தபடியே துணிகளைப் பிரித்துத் தைத்து, ஜிப் மாற்றிக் கொடுப்பது அவள் தொழில். கட்டடத்தில் அவளுக்கு 'ஜிப் அக்கா' என்று பெயர். ஊசி ஒன்று கீழே விழுந்தால் போதும், தரை முழுக்கத் தடவி அது கையில் அகப்பட்ட பிறகுதான் மூச்சு வரும். ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது; அதற்கு மேல் கயிறும் கட்டியிருக்கிறாள்.

"இப்படியே விட்டா புள்ளையவே உள்ள வெச்சு ஜிப் போட்டு மூடிடுவே" என்பான் கணவன். அவளுக்கும் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே எழுந்து போய் முடிச்சை இழுத்துப் பார்ப்பாள்.

பழைய வீட்டில் அவள் இப்படி இல்லை. அங்கே வாசற்கதவு விடிந்தால் திறக்கும், படுக்கும்போதுதான் சாத்தும். குழந்தை தவழ்ந்து வெளியே போனால் எதிர்வீட்டு அக்கா தூக்கிக்கொண்டு வந்து, "இந்தாடி, உன் சாமான் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு" என்று இறக்கிவிட்டுப் போவாள். அந்த வீட்டுக்குப் பூட்டு வாங்கியதே கிளம்பி வந்த அன்றுதான். அதன் சாவி இன்னும் அவள் இடுப்பில், ஒரு ஊக்கில் தொங்குகிறது. எதற்கு என்று கேட்டால், "கெடக்கட்டுமே, சோறா கேக்குது?" என்பாள்.

போன மாதம் ஒருநாள் பாலை அடுப்பில் வைத்தாள். பொங்குவதற்குள் வந்துவிடலாம் என்று குப்பையோடு ஓடினாள். திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது.

"அம்மா, செருப்ப எடுத்து வெச்சுட்டேன்!" உள்ளேயிருந்து பெருமையான குரல். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அவளே பழக்கியதுதான்.

கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சாவி இருந்தது. பழைய வீட்டுச் சாவி.

குடிவந்த நாள் முதல் பக்கத்து வீட்டு மணியை அவள் தொட்டதில்லை. இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர் என்பது மட்டும் தெரியும். அன்று வைத்த விரலை எடுக்கவில்லை.

"யாரும்மா அது... வீடு பத்திக்கிச்சா?"

"பத்தப் போகுதுண்ணே! புள்ள உள்ள, பாலு அடுப்புல!"

டிரைவர் உள்ளே ஓடி ஓர் எக்ஸ்ரே படத்தோடு வந்தார். "என் முதுகு. டாக்டருக்குத்தான் ஒதவல, இதுக்காவது ஒதவட்டும். நீ புள்ளய அடுப்புப் பக்கம் விடாத, பேச்சுக் குடு."

அவள் தரையில் படுத்துக் கதவுக்கடியில் விரல்களை நுழைத்தாள். தலைக்கு மேலே, பூட்டின் நாக்கைத் தள்ளப் பார்த்து, எக்ஸ்ரே படம் கதவிடுக்கில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"குட்டி, அம்மா விரலப் பிடி பாப்போம்."

"பிடிச்சுட்டேன்."

"கெட்டியா. விட்டா அம்மா அழுதுடுவேன்."

"பாலு பொங்குதும்மா. போய் ஊதட்டா?"

"வேணாம்! விரல எண்ணு. விடாம எண்ணு."

"ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு..."

பால் வழிந்து சீறும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கேஸ் வாடை மெல்லக் கதவுக்கடியில் வந்தபோது பூட்டு 'டக்'கென்று விட்டது. அவள் மகளை வாரிக்கொண்டாள். டிரைவர் கேஸை மூடிவிட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

"என்னம்மா இது, கப்பலக் கட்டுற மாதிரி கட்டி வெச்சிருக்க!"

முடிச்சு அவிழவில்லை. அவளுடைய தையல் கத்தரியால்தான் வெட்ட வேண்டியிருந்தது.

மாற்றுச் சாவி ஒன்று இப்போது டிரைவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. குப்பை கொட்ட மகளையும் தூக்கிக்கொண்டுதான் போகிறாள். ஆனாலும் செருப்பு கதவிடுக்கில் கிடக்கிறது.

குளிக்கும்போதுதான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தாழிட்ட சற்று நேரத்துக்கெல்லாம் குளியலறைக் கதவுக்கடியில் சின்ன விரல்கள் வந்து நிற்கும். அவள் தண்ணீரை நிறுத்திவிட்டு, சோப்பு நுரையோடு குந்தி உட்கார்ந்து, அவற்றைப் பிடித்துக்கொள்கிறாள்.