மூட்டைக்கு எத்தனை கல்?

முப்பது கல். ஒரு மூட்டை சிமெண்டில் அதற்கு மேல் அறுத்தால் அது கல்லே இல்லை என்று சொல்லிக்கொண்டே, காண்டிராக்டரின் கல்லை இடுப்புயரம் தூக்கிக் கீழே விடுகிறாள் செர்வா. உடையாவிட்டால்தான் அடுத்த கேள்வி.

கானா நாட்டுக் குமாசியில் இருபத்திரண்டு வருஷம் தலையில் கலவைச் சட்டி சுமந்தவள். உச்சியில் முடி முளைக்காத வட்டம் ஒன்று உண்டு. துணி கட்டி மறைப்பதில்லை. இப்போது சந்தையில் வாழைப்பழம் சுட்டு விற்கிறாள். யார் வீடு கட்டினாலும் அழைக்காமலே போய் நிற்பாள். "கடைசியா கட்டுன வீட்டக் காட்டு. போட்டோ வேணாம். அந்த வீட்டம்மாகிட்ட நான் பேசணும், நீ வெளிய நில்லு."

நாம் இதையெல்லாம் கேட்பதில்லை. எந்தச் சபை என்று கேட்கிறோம். நம் சபை என்றால் போதும், கை குலுக்கி, ஜெபம் பண்ணி, அஸ்திவாரம் தோண்டிவிடுகிறோம். அப்படி எழுந்த ஒரு சுவர் அஃபியாவின் மேல் விழுந்தது. செர்வாவோடு சட்டி சுமந்தவள். அடக்கத்துக்கு அந்தக் காண்டிராக்டரும் எங்கள் துக்க நிறமான கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்தான். பாட்டும் பாடினான்.

இப்போது சந்தைப் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளுக்கு ஓர் அறை கட்டுகிறார்கள். சங்கம் பேசி வைத்திருக்கும் ஆள் சபை மூப்பர் ஓப்பாங். செவ்வாய்க்கிழமை செர்வாவும் சங்கத் தலைவியும் நானும் அவருடைய கல் அறுக்கும் களத்துக்குப் போனோம்.

"மூப்பரே, மூட்டைக்கு எத்தன கல்லு?"

"முப்பதுதான் அக்கா. கர்த்தர் பாத்துக்கிட்டு இருக்காரு."

"அவரு பாக்கட்டும். நானும் பாத்துக்கிறேன்."

சங்கத் தலைவி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருடி. ஞாயித்துக்கிழமை இவரு மூஞ்சில நான் முழிக்கணும்."

"எந் தங்கச்சி புள்ள அதுக்குள்ளதான் தூங்கப்போவுது. நீ மூஞ்சியப் பாரு. நான் செவுத்தப் பாக்குறேன்."

அன்று காலை அறுத்த கற்கள் ஈரம் காயாமல் வரிசையாக இருந்தன. அருகில் இரண்டே இரண்டு காலி சிமெண்டுப் பைகள். செர்வா ஒவ்வொரு கல்லையும் விரலால் தொட்டு எண்ணினாள். அவசரப்படவில்லை. கடைசிக் கல்லைத் தொட்டதும் திரும்பி வந்து, இரண்டு பைகளையும் உதறி, மூப்பரின் பாலிஷ் போட்ட செருப்புக்கு முன்னால் விரித்து வைத்தாள்.

மூட்டைக்கு ஐம்பத்திரண்டு.