விஜிஏ கார்டும் நான் அழித்த ஊரும்

கணினித் திரையில் படம் உடைந்து வந்தால் பழுதை எந்த வரிசையில் தேட வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்லூரியில் பல வருடங்கள் படிப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு மட்டக்களப்பு நகரில் ஒரு சிறிய திருத்தகம் நடத்தினேன். அங்கே ஒரேயொரு முறை அந்த வரிசையைத் தலைகீழாக்கினேன். இல்லை, ஒரேயொரு முறை என்பது பொய். பல முறை செய்திருக்கிறேன். ஒரு முறைதான் அதனால் இன்னொருவருடைய வீடு குலைந்தது.

வரிசை இதுதான். முதலில் மொனிட்டரைப் போட்டு, அது சூடாகி வெளிச்சம் வந்த பிறகே கணினிப் பெட்டியைப் போட வேண்டும். அந்தக் காலத்துக் கண்ணாடி மொனிட்டர்கள் விழிக்கச் சில வினாடிகள் எடுக்கும். அதற்குள் பெட்டி தன் முதல் எழுத்துகளைக் காட்டி முடித்துவிடும். அந்த எழுத்துகளே உடைந்து வந்தால், படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற பலகையில், அதாவது எல்லோரும் விஜிஏ கார்ட் என்று சொல்வதில், பழுது இருக்கிறது. அந்த நேரத்தில் வேறு எந்த மென்பொருளும் ஓடத் தொடங்கியிராது, குற்றத்தை அதன் மேல் போட முடியாது. எழுத்துகள் சுத்தமாக வந்து, விளையாட்டைத் திறந்து பத்து நிமிடம் போன பிறகு படம் உடைந்தால், அது சூடு. கார்டின் விசிறியைப் பார்க்க வேண்டும். பிறகு கார்டைக் கழற்றி, அதன் பற்களை அழிறப்பரால் தேய்த்துப் பூட்ட வேண்டும். பிறகு வேறு கார்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்து சரிவராவிட்டால்தான் மென்பொருள். ஹாட் டிஸ்க்கில் கைவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

சுனாமியில் கடல் வந்து மூன்று வருடம் கழிந்த தை மாதத்தில், பெரியகல்லாற்றிலிருந்து ஒருவர் கணினியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். என் வயதுதான் இருக்கும். வாவியில் வலை வீசுகிறவர். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்:

"சேர், இதுக்குள்ள ஒரு ஊர் இருக்கு. அது பழுதாப் போகுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கேமா அண்ணன்?"

"கேம்தான். ஆனா நான் வெளாடிறல்ல. பாக்கிறது மட்டும்."

"என்ன மாதிரிப் பழுதாகுது?"

"தொடங்கக்குள்ள நல்லாத்தான் இருக்கும். ஒரு சுருட்டுப் பத்தி முடியிற நேரம் போனா, வீட்டுக் கூரையெல்லாம் ஊசி மாதிரி வானத்துக்கு இழுபடும். மறுகா ரோட்டெல்லாம் கட்டம் கட்டமா, சாரன் மாதிரி வரும். தண்ணி ஊதாவாப் போகும்."

பக்கத்துத் துணிக்கடைக்காரர், காத்தான்குடி ஆள், தேத்தண்ணிக் கோப்பையோடு என் கடை வாசலில் நின்றார். "சாரன் வந்தா எங்கட கடைக்கு அனுப்புங்க சேர். சேருக்கிட்ட உட்டா எந்த நோய்க்கும் ஒரே வெள்ளைக் குளிசதான். போமட்!"

போமட் என்றால் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் துடைப்பது. மூவரும் சிரித்தோம். வந்தவர் சிரித்து முடித்துவிட்டு, "சேர், அந்த ஊர் என்ட மகள்..." என்று தொடங்கினார். நான் ரசீதை எழுதி நீட்டி, "நாளண்டைக்கு வாங்க அண்ணன், சரியாக்கித் தாறன்" என்றேன். அவர் நிறுத்திக்கொண்டார்.

ஒரு சுருட்டு நேரம் என்று அவர் சொன்னதே போதும். எந்த மாணவனும் அதைக் கேட்டுச் சூடு என்று சொல்லியிருப்பான். எனக்குக் கேட்கவில்லை. நிவாரண நிறுவனம் ஒன்றின் எட்டுக் கணினிகள் கடையில் அடுக்கிக் கிடந்தன. பின்னேரங்களில் கரண்ட் போய்விடும். இவையெல்லாம் சாட்டு. உண்மையான காரணம், கேம் என்றால் எனக்கு இளக்காரம். வலை வீசுகிற மனுசன் கேமைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸேறி வந்திருக்கிறாரே என்று மனதுக்குள் நினைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் பெட்டியையும் மொனிட்டரையும் ஒரே சுவிட்சில் போட்டுவிட்டு, கேத்தலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது முதல் எழுத்துகள் போய்விட்டிருந்தன. விளையாட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. படங்களும் கடிதங்களும் இருந்த இடங்களைத் திறந்து, அவற்றை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். அதில் நான் எப்போதும் கவனம். படங்களில் ஓர் இளம்பெண், மட்டக்களப்பில் ஏதோ பயிற்சி நிலையத்தின் கணினிகளுக்கு நடுவே நின்றாள். பிறகு போமட் அடித்தேன்.

எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, அவர் உறையில் போட்டுத் தந்த சீடியிலிருந்து விளையாட்டையும் ஏற்றி ஓடவிட்டேன். ஏதோ நாலு வீடும் ஒரு ரோட்டும் கட்டினேன். பத்து நிமிடத்தில் கூரைகள் ஊசியாக இழுபட்டன. ரோட்டில் சாரன் கட்டம் விழுந்தது. அப்போதுதான் பெட்டியைக் கழற்றினேன். கார்டின் விசிறி துருவேறி இறுகிப்போயிருந்தது. விரலால் தள்ளியும் சுழலவில்லை. பற்களில் உப்புக் காற்றின் பச்சை. விசிறிக்குப் பக்கத்தில் கப்பாசிற்றர்கள் இரண்டு தலை வீங்கி நின்றன. திருகாணி நான்கைக் கழற்றியிருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்ணில் பட்டிருக்கும்.

தட்டிலிருந்த பழைய கார்ட் ஒன்றைப் பூட்டினேன். ஒரு மணித்தியாலம் ஓடியது, ஒரு கோடு பிசகவில்லை. எனக்கு வழக்கமான திருப்தி.

சொன்ன நாளில் வந்தார். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தானே விளையாட்டைத் திறந்தார். எந்த இடத்தில் அமத்த வேண்டும் என்று அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. பட்டியலில் நான் கட்டிய நாலு வீட்டு ஊர் மட்டும் இருந்தது.

"ஊர் எங்க சேர்?"

"எந்த ஊர்?"

"மகள் செஞ்ச ஊர்." அவர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கட வாவி மாதிரி ஒரு தண்ணி. குறுக்கால பாலம். பாலத்துக்கு அங்கால பள்ளிக்கூடம், கோயில், ஒரு பெரிய சந்தை. ரோட்டுக்கெல்லாம் எங்கட சனத்துர பேர் வெச்சிருந்தவள். ரெண்டு வருசமாச் செஞ்சது. நத்தாருக்கு அடுத்த நாள், கடல் வந்த அண்டைக்கு, கடக்கரப் பக்கம் கூட்டாளி வீட்டுக்குப் பலகாரம் குடுக்கப் போனவள். எங்கட வீடு வாவிப் பக்கம், அதால தப்பிச்சு. அவள் வரல்ல."

நான் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன்.

"அந்தியில நானும் மனுசியும் திறந்து பாக்கிற. பஸ் ஓடும், வெளக்கு எரியும். மூடக்குள்ள சேவ் பண்ணவா எண்டு கேக்கும். வேணாம் எண்டுதான் அமத்திற. அப்பத்தான் அவள் உட்ட நாளிலயே நிக்கும் சேர். ஒரு நாளும் கூடப் போகல்ல."

அந்த விளையாட்டு ஊர்களைச் சேமிக்கும் இடம், நான் பிரதி எடுத்த இடங்களில் ஒன்றல்ல. விளையாட்டின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே இருப்பது. அதைத் தேட எனக்குத் தோன்றவில்லை. அவர் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருந்தார். 'அண்ணன், நான் அழித்துவிட்டேன்' என்று சொல்வதற்கு அந்தக் கணம் இருந்தது. நான் சொன்னது வேறு.

"கொண்டு வரக்குள்ளயே அழிஞ்சிருந்திச்சு அண்ணன்."

அவர் மவுசிலிருந்து கையை எடுத்தார். பிறகு தன் பாட்டிலே சொல்லத் தொடங்கினார். "கடைசி நாள் படம் கிழிஞ்சு எழுத்து ஒண்டும் தெரியல்ல. எது வேணும், எது வேணாம் எண்டு தெரியாமக் குருட்டுவாக்கில அமத்தினன். அப்ப நாந்தான்."

"அப்பிடியும் நடக்கும்" என்றேன்.

இந்த இரண்டு சொல்லைத்தான் நான் இன்றைக்கும் மறக்காமல் வைத்திருக்கிறேன். முதல் பொய் பயத்தில் வந்தது. இரண்டாவது அப்படி அல்ல. அவர் தானாக எடுத்துத் தலையில் வைத்த சுமையை, நான் கை கொடுத்துச் சரியாக நிமிர்த்தி வைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போமட் அடித்த டிஸ்க்கில் கோப்புகள் உடனே இல்லாமல் போவதில்லை. மேலே வேறு எழுதப்படும்வரை கிடக்கும். தேடி எடுக்கும் மென்பொருள் என் அலுமாரியிலேயே இருந்தது. அன்றைக்கே பெட்டியை நிறுத்தி, இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால் ஊர் பெரும்பாலும் கிடைத்திருக்கும். ஆனால் தேடினால், எப்படி அழிந்தது என்பதையும் சொல்ல வேண்டி வரும். பெட்டியைச் சாக்கில் சுற்றி அவரே தூக்கிக்கொண்டு போனார். கார்டுக்கு ஒரு சதமும் வாங்கவில்லை, போகுமுன் பாட்டுகளும் சினிமாப் படங்களும் டிஸ்க் நிறைய ஏற்றியும் கொடுத்திருந்தேன். அதைப் பெரிய தருமமென்று அப்போது நினைத்தேன்.

துணிக்கடைக்காரர் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன சேர், பெரியவர் வந்த மாதிரிப் போகல்லியே?"

"இண்டைக்கு வேலை கூடிப்போச்சு" என்றேன். கேட்டதற்கும் சொன்னதற்கும் தொடர்பில்லை. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அதற்குப் பிறகு போமட் பகிடியும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து மனுசன் வெறுங்கையோடு வந்தார்.

"சேர், தேடி எடுக்க ஏலும் எண்டு ஒரு பொடியன் சொல்றான். மெய்யா?"

"நாள் போயிட்டுது அண்ணன்."

"வீட்டில அவ என்னோட கதைக்கிறல்ல சேர். சோறு போட்டு வெப்பா. ஒண்டும் சொல்ல மாட்டா. ஒருக்காத்தான் சொன்னா, 'கடல் பாதிய எடுத்திச்சு, மிச்சத்த நீங்க எடுத்திட்டீங்க' எண்டு."

இதைச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனார். நான் எழும்பிப் பின்னால் போயிருக்கலாம். பஸ் தரிப்பிடம் என் கடையிலிருந்து கூப்பிடு தூரம்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் போனது. அடுத்த வருடம் வைகாசியில் சண்டை முடிந்தது. அந்தக் கிழமைகளில் என் கடைக்கு வந்த வேலை முழுவதும் புகைப்படங்கள்தான். வன்னியில் இருந்த சொந்தங்களைத் தேடி முகாம் முகாமாகப் போகிறவர்கள், குடும்பப் படத்தில் ஒரு முகத்தைக் காட்டி, அதை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். பிரிண்டர் ஓடுகிற நேரம் சும்மா இருக்க முடியாமல் கதைப்பார்கள். ஒரு தாய், தான்தான் மகளை அங்கே கட்டிக் கொடுத்தேன் என்றார். ஒருவர், தம்பி போகும்போது மறிக்காமல் விட்டது தான்தான் என்றார். மூன்றாவது ஆளும் அப்படி ஏதோ தொடங்கியபோது என்னால் இருக்க முடியவில்லை. பிரிண்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

அடுத்த ஞாயிறு காலை, தேடி எடுக்கும் சீடியையும் ஒரு வெற்று ஹாட் டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸேறினேன். சோதனைச் சாவடிகளில் இன்னும் இறங்கி நடக்கத்தான் வேண்டியிருந்தது. பையிலிருந்த டிஸ்க் என்னவென்று ஒருவன் கேட்டான். கொம்பியூட்டர் திருத்தப் போகிறேன் என்றேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அவர் முற்றத்தில் வலையின் பொத்தல்களை அடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரை எடுத்து வைத்து, உள்ளே பார்த்து, "சேர் வந்திருக்கார், தேத்தண்ணி போடு" என்றார். உள்ளிருந்து பதில் வரவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்காவையும் கூப்பிடுங்க அண்ணன். ரெண்டு பேருக்கும்தான் சொல்லணும்."

அந்த அம்மா வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நான் உட்காராமல் சொன்னேன். ஊர் இவர் கையால் அழியவில்லை, நான்தான் அழித்தேன், பழுது கார்டில் இருக்க டிஸ்க்கைத் துடைத்தேன், பிறகு பொய் சொன்னேன். நாலைந்து வசனம்தான். பதினேழு மாதமாக அது நீளமான கதையென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனுசன் வலையூசியைக் கீழே வைத்தார். "அப்ப நான் ஒண்டையும் அமத்தல்லியா?"

"இல்லண்ணன்."

"வேணாம் எண்டதத்தான் அமத்தியிருக்கன்?"

"ஓம். நீங்க கொண்டு வரக்குள்ள ஊர் இருந்திருக்கும்."

அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

கணினி மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. ஊர் போன பிறகு அதை யாரும் போடவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது. மத்தியானம்வரை தேடினேன். மகள் வைத்த பெயரில் கோப்பு கிடைத்தது. அளவும் சரியாக இருந்தது. வெற்று டிஸ்க்கில் எடுத்து விளையாட்டில் திறந்தேன். திறக்கவில்லை. உள்ளே பார்த்தால், நான் கடையில் வைத்து ஏற்றியவையும் அந்த நாலு வீட்டு ஊரும் கடைசியில் நிரப்பிக் கொடுத்த பாட்டும் படமும் அதன் மேலேயே எழுதப்பட்டிருந்தன. அவர்களால் அல்ல. முழுவதும் என் கையால்.

"வராது" என்றேன்.

அந்த அம்மா முதல் முறையாக என்னோடு கதைத்தார். "அண்டைக்கே சொல்லியிருந்தா வந்திருக்குமா?"

"அண்டைக்கே தேடியிருந்தா, கன பங்கு வந்திருக்கும்."

"பதினேழு மாசம்" என்றார். சத்தம் போடவில்லை. "இந்த மனுசனோட நான் பதினேழு மாசம் கதைக்கல்ல சேர். காய்ச்சலாக் கெடந்தாரு, அப்பயும் கதைக்கல்ல. நீங்க படிச்சவங்க. ஒரு கடிதமாச்சும் போட்டிருக்கலாமே."

"ஓம்" என்றேன்.

"உடு, வந்து சொன்னாரே" என்றார் மனுசன்.

"நீங்க சும்மா இருங்க." அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். "காலையில இருந்து ஒண்டும் தின்னல்ல. எழும்புங்க, சோறு போடுறன்."

அவர் எழும்பிக் கை கழுவப் போனார். அவர் பின்னால் அந்த அம்மாவும் போனார். என்னை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் வயர்களைக் கழற்றி, பெட்டியின் மூடியைத் திருகாணி நான்கும் போட்டு இறுக்கி, துணியால் போர்த்தினேன். உள்ளே இருவரும் ஏதோ கதைப்பது கேட்டது. என்ன என்று கேட்க நிற்கவில்லை.