பனியை வாயில் போட்டவர்

மரக்காணம் உப்பளத்து வரப்பில் நிற்கிறோம். என்னோடு சுனாமி வீடுகள் கட்டும் பொறியாளர் லூசியா, பிரேசில்காரி. அவள் தாத்தா இரண்டாம் உலகப்போரில் இத்தாலி மலையில் இறந்தவர். வீட்டில் அவரை நினைத்தாலே அழுகைதான் என்கிறாள்.

உப்பு வாரும் அஞ்சலையக்காவிடம் இதைச் சொல்கிறேன்.

"இத்தாலியா? எங்க மாமனாரும் பட்டாளத்துல அங்கதாம்மா போனாரு. உப்பு வெளஞ்சிடிச்சான்னு நாங்க வாய்ல போட்டுப் பாப்போம். அதே பழக்கத்துல பனியையும் அள்ளிப் போட்டுக்கினாராம். கூட இருந்தவங்க ஒரே சிரிப்பாம்!"

பிரேசிலிலிருந்தும் இந்த வரப்பிலிருந்தும் போனவர்கள் ஒரே நாட்டுப் பனியில் நின்றிருக்கிறார்கள். லூசியாவுக்கு மெதுவாக மொழிபெயர்க்கிறேன்.

"அங்கே சிரித்தார்களா?" என்று லூசியா கேட்கிறாள்.

"சிரிக்காம? எல்லாம் வயசுப் பசங்கதானே, சொல்லும்மா அந்தப் பொண்ணுகிட்ட" என்கிறார் அஞ்சலையக்கா.