வெளியிட்டவர்: வெற்றிச்செல்வி

ஜெயங்கொண்டத்தில் என் பிளக்ஸ் கடைக்கு மேல்மாடியில்தான் குருமூர்த்தியின் செய்தித் தளம் இருந்தது. திருவிழா, விபத்து, சாவு என்று ஊர்ச் சேதியெல்லாம் இணையத்தில் போடுவார்கள். போடுவார்கள் என்ன, போட்டவள் ஒருத்திதான், மீன்சுருட்டி வெற்றிச்செல்வி. குருமூர்த்தி மேடையேறிப் பொன்னாடை போர்த்திக்கொள்வதோடு சரி.

சாவுச் சேதியை எழுதி, படம் சேர்த்து, வெளியிடாமல் வரைவாக வைத்துவிடுவாள் அவள். நம் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணிடம் அப்பா செத்துவிட்டார் என்று போனில் யார் சொல்வார்கள்? "மேலுக்கு முடியல, கெளம்பி வா" என்பதுதான் வழக்கம். வெற்றி இழவு வீட்டுக்குப் போன் போட்டு, "பொண்ணு வந்துருச்சாங்க?" என்று கேட்ட பிறகே வெளியிடுவாள். நான் பேனர் கட்டுவதும் அவள் சொன்ன பிறகுதான்.

போன வருஷம் குருமூர்த்திக்குப் புதுக் கிறுக்கு பிடித்தது. ஏஐ உதவியாளரைத் தளத்தோடு இணைக்க ஒரு சர்வர் வேண்டுமாம். போனில் சொன்னால் அதுவே எழுதி அதுவே போட்டுவிடுமாம். உட்கார்ந்து அமைத்தது யார்? வெற்றிதான். சோறு தண்ணி மறந்து அமைத்தாள்.

"அதுக்குத் தனியா ஒரு கணக்கு தொறந்துடறேன் சார். எழுதி வைக்கட்டும். வெளியிடற அனுமதி மட்டும் வேணாம்."

"அப்பறம் எதுக்கும்மா அது? ஒன் கணக்கையே குடு. எல்லா அனுமதியும் குடு. நாளைக்குத் தொறப்பு விழாவுக்கு ஆளுங்கள வரச் சொல்லிட்டேன்."

கொடுத்தாள். இழவு வீட்டு வழக்கத்தை அதற்கு எழுதிவைக்க அவளுக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? சாவை எப்படிச் சொல்வதென்று நம் ஊரில் யார் யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

அடுத்த மாதம் தா.பழூர் கொளஞ்சியப்பன் வயலிலேயே மயங்கி விழுந்து இறந்துபோனார். அவர் மகள் ஜெயசுதா வெற்றியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டு, நிறைமாதமாக இருந்தாள். வெற்றி சேதியை எழுதி வரைவில் வைத்துவிட்டு மாலை வாங்கப் போனாள். அந்த நேரம் பார்த்து, எங்கோ விருந்தில் உட்கார்ந்திருந்த அந்த மகராசன் போனில், "கெடப்புல இருக்கறத எல்லாம் போட்டுவிடு" என்று சொல்லியிருக்கிறார். அது வெற்றியின் கணக்கிலேயே போட்டுவிட்டது. சொன்னதைச் செய்த மெஷினை என்ன குறை சொல்ல?

ஜெயசுதா அப்போது அரியலூர் தாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். போனைத் திறந்தால் அப்பா படம், கண்ணீர் அஞ்சலி, கீழே வெளியிட்டவர் வெற்றிச்செல்வி. பஸ்ஸிலேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை தப்பியது. அப்பன் முகத்தை மட்டும் அவள் கடைசிவரை பார்க்கவில்லை.

வெற்றி பார்க்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன்.

"ஒன் கையால போட்டுட்டியேடி."

"சத்தியமா நான் போடலடி."

"ஒம் பேருதானடி இருக்கு" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள் ஜெயசுதா. அதோடு அவர்கள் சிநேகம் முடிந்தது.

குருமூர்த்தியோ, "மெஷின் மேல பழி போட்டா சிரிப்பாங்கம்மா. நீயே ஒரு மன்னிப்பு எழுதிப் போட்டுடு" என்றார். தூ! மனுஷனா இவன்? வெற்றி அன்றே வேலையை விட்டாள். தளத்திலிருந்து அவள் கணக்கை எடுத்துவிடச் சொல்லி நான் மாடிக்கே ஏறினேன். "அத எடுத்தா இணைப்பு அறுந்துரும்ணே, ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றார். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டார். இப்போது அவள் அரியலூர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் சேதிக்குக் கீழே அவள் பெயர்தான் வருகிறது. கல்யாண வீட்டில் அவளைக் கண்டால் ஒதுங்குகிற ஜென்மங்களும் உண்டு.

போன வாரம் வெற்றியின் அப்பா தவறிவிட்டார். திருப்பூரில் இருக்கும் தங்கை பானுப்ரியாவுக்கு அவளே போன் போட்டாள். அழுகையை விழுங்கிக்கொண்டு, "அப்பாவுக்கு மேலுக்கு முடியல பானு, கெளம்பி வா" என்றாள்.

"ஏங்க்கா பொய் சொல்ற?" என்றது அந்தப் பக்கக் குரல். "நீ போட்டத பாத்துட்டேன்."