மனைவி கட்டத்தில் ஒரு கணவர்

ஓட்டல் சலவை அறையில் அவளை இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் தேய்த்து மடித்து அடுக்கிவிட்டுத்தான் உட்காருவாள். ஆனால் அரசாங்கத்தின் மேலான பார்வையில் ஒன்பது வருடமாக அவள் ஒரு ‘சார்ந்திருப்பவர்’. அவளுடைய குடியிருப்பு அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. யாரைச் சார்ந்தவள் என்றால், லாரி ஓட்டும் வேலைக்காக எல்லை தாண்டி வந்த தன் கணவரை.

லாரி கம்பெனியை மூடி ஆறு மாதம் ஆகிறது. அன்று முதல் டிரைவர் சோபாவில் அமர்ந்து உலக நடப்பைக் கவனித்து வருகிறார். பொறுப்பான வேலை. நடுவில் எழுந்து பால் பொங்குவதைப் பார்க்கக்கூட அவருக்கு ஒழிவதில்லை.

சிக்கல் என்னவென்றால், அவர் வேலையை வைத்துத்தான் குடும்பத்துக்கே அனுமதி. வெள்ளிக்கிழமையோடு அது முடிகிறது. அப்புறம் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் உட்பட மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சட்டத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. வேலையில் இருக்கும் மனைவி விண்ணப்பித்தால், கணவர் அவளைச் சார்ந்து இருக்கலாம்.

“உன் பேர்ல நான் தொங்கணுமா? ஊர்ல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?”

“ஊர்லயே போய் நின்னா என்ன பேசுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.”

அவர் வியாழக்கிழமை வரை யோசித்தார். வெள்ளிக்கிழமை காலை சட்டையைத் தேய்த்துத் தரச் சொல்லிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

குடியேற்ற அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மாள் படிவத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். “சார்ந்திருப்பவர்னு வர்ற இடத்துல டிக் போடலையே?”

அங்கே இரண்டே கட்டங்கள்தான்: மனைவி, பிள்ளை. படிவம் தயாரித்த அறிஞர்கள், எல்லையைக் கடப்பவன் ஆண் என்றும், பெட்டி, படுக்கை, பெண்டாட்டி என்ற வரிசையில் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்றும் முடிவு செய்திருந்தார்கள்.

“பிள்ளைன்னே போட்டுக்குங்க மேடம். எனக்கு ஆட்சேபணை இல்ல” என்றாள் இஸ்திரியக்கா.

“பிள்ளைன்னா பதினெட்டு வயசுக்குள்ள இருக்கணும்மா.”

“உடம்புக்கா, புத்திக்கா?”

அந்த அம்மாள் டிரைவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். “உடம்புக்குத்தான்” என்றார், வருத்தத்தோடு.

“மேடம், நான் மீசை வச்சிருக்கேன்” என்று டிரைவர் முறையிட்டார்.

“அதுக்குக் கட்டம் இல்லைங்க. காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காது. ஒரு மணிக்கு கவுண்டரை மூடிடுவோம்.”

கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது. வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். “அண்ணே, சீக்கிரம் மனைவியாகிடுங்கண்ணே. நாங்களும் நிக்கிறோம்ல?”

டிரைவரின் கையில் பேனா அப்படியே நின்றது. மலைப்பாதையில் சரக்கு லாரியைப் பின்னோக்கி எடுத்தபோதுகூட அவருக்கு இப்படி வியர்த்ததில்லை.

இஸ்திரியக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். “ஒன்பது வருஷம் நான் அந்தக் கட்டத்துக்குள்ளதான் இருந்தேன். கடிக்கல. போடுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, மனைவி என்ற கட்டத்தில் டிக் போட்டார். சின்ன டிக்தான். கம்ப்யூட்டர் அதன் அளவைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரண்டு வருடத்துக்கு முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள். இரண்டு மணிக்கு ஷிப்ட்.

“மூணு மணிக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க.”

“ஸ்கூல்ல மூணு கேட் இருக்கே, எதுல நிக்கணும்?”

பஸ் வந்துவிட்டது. படியில் காலை வைத்தபடியே அவள் சொன்னாள்: “அம்மாங்க எல்லாரும் எங்க நிக்கிறாங்களோ, அங்க போய் நில்லுங்க.”